தலைவர் நாற்காலியும் ஆயாக் கொட்டகையும்



கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலை மனக்கண்முன் கொண்டு வருவோம். ஆடித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம் நடக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள் தலைவர் என்று பெரியவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். பின்புறம் அடுப்படியில் நான்கு பாட்டிமார் கூட்டத்தாருக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இளம்பெண்ணாக இருந்த நாள்முதல் அந்த அம்மனுக்குக் கூழ் காய்ச்சி வருபவர். எத்தனை படி கேழ்வரகு வேண்டும், எந்த வீட்டில் துக்கம், எந்த இரண்டு வீட்டாருக்குள் பேச்சு இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். அவர் பெயர் அதில் இராது.

இந்தக் காட்சியைக் காணாதவர் நம்முள் மிகச் சிலரே. ஊர்ப் பொதுவாழ்வில் வயது முதிர்ந்த ஆண்கள் ஒரு விதமாகவும், பெண்கள் வேறு விதமாகவும் பங்கு கொள்கிறார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதனால் யாருக்கு என்ன இழப்பு? இவற்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில், முதியவர் என்று யாரைச் சொல்கிறோம்? 1982ஆம் ஆண்டு வியன்னா நகரில் கூடிய உலக முதியோர் மாநாட்டை ஒட்டி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை முதியோர் என நம் நாடும் கணக்கிட்டு வருகிறது. அவர்கள் வீட்டுக்கு வெளியே பிறரோடு கூடிச் செய்யும் காரியங்களையே சமூகப் பங்கேற்பு என்கிறோம். சங்கக் கூட்டம், கோயில் திருப்பணி, நண்பர்களோடு பேசியிருத்தல், அயலாருக்கு உதவுதல் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இப்படிக் கலந்து வாழும் முதியவர்களுக்கு உடலும் உள்ளமும் தளர்வது குறைவு என்று பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் பெற்றோரின் உடல்நலத்தைப் பற்றிய பேச்சும் ஆகும்.

நமக்கு வாய்த்த வேறுபாடு நமக்கு மட்டும் உரியதா? நம் அண்டை அயலாரான சீனர்களைப் பார்ப்போம். பாசிர் பெனாம்பாங்கிலும் செகிஞ்சானிலும் காலை நேரத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களில் ஆண்களே மிகுதி. குலச் சங்கங்களின் தலைமையும் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்து வந்திருக்கிறது. பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருபவர் பாட்டியாகவே இருப்பார்.

சீன நாட்டிலேயே நிலைமை சற்று மாறிப் போயிற்று. அங்கே நெடுங்காலம் ஆண்களுக்கு 60 வயதிலும், பெண் தொழிலாளர்களுக்கு 50 வயதிலும், அலுவலகப் பணிப் பெண்களுக்கு 55 வயதிலும் ஓய்வு என்று விதி இருந்தது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்துதான் இந்த வயதைச் சிறிது சிறிதாக உயர்த்தி வருகிறார்கள். முன்னதாக வேலையை விட்ட பெண்கள் மாலை வேளையில் பொதுத் திடல்களில் கூட்டம் கூட்டமாக ஆடத் தொடங்கினார்கள். அந்தத் திடல் நடனத்தில் முதிய பெண்களே மிகுதி. ஆண்களுக்கோ தொழிற்சாலைதான் ஊராக இருந்தது. அதைவிட்டு வெளியே வந்ததும் சீட்டாட்டமும் சதுரங்கமும் மட்டுமே துணை என்று ஆனவர்கள் பலர்.

2011ஆம் ஆண்டு அந்நாட்டில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் கேள்விப் பட்டியலில் சங்கமும் தொண்டும் மட்டும் இடம்பெறவில்லை. நண்பர்களோடு பழகுதல், மாஜோங் ஆடுதல், தம்மோடு வசிக்காத உறவினருக்கும் அயலாருக்கும் கூலியின்றி உதவுதல் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள். இது நமக்கு நல்ல பாடம். நம் பாட்டியிடம் போய், "நீங்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எனக்கு எதுப்பா சங்கம்?" என்பார். "எத்தனை வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருக்கிறீர்கள்? எத்தனை சாவு வீட்டில் இரவு முழுதும் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பொழுது சாயும் வரை சொல்லிக்கொண்டிருப்பார். கேள்வியை மாற்றினால் கணக்கும் மாறிவிடுகிறது.

இனி, நம் தோட்டங்களில் இந்த வேறுபாடு உருவான வரலாற்றைக் காண்போம்.

கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவந்த காலத்தில், வந்தவர்களுள் ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போதும் மலாயாவிலிருந்த இந்தியரில் ஆண்களின் தொகையில் ஏறத்தாழப் பாதியளவே பெண்கள் இருந்தார்கள். தோட்டம் என்பது முதலில் ஆண்கள் கூடிய இடமாக அமைந்துவிட்டது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்த பின், இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பெருகின. ஆணும் பெண்ணும் தொகையில் நெருங்கி வந்தார்கள். ஆனால் பழைய ஏற்பாடுகள் அப்படியே நின்றன. கங்காணி ஆண், கிராணி ஆண், துரை ஆண், கோயில் தர்மகர்த்தாவும் ஆண்.

கூலியிலும் அந்த ஏற்பாடு தெரிந்தது. 1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே காட்டில், ஒரே பனியில், ஒரே கொசுக்கடியில் நின்றவர்களுக்குள் 10 காசு வேற்றுமை. அந்த 10 காசு சம்பளப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. "இவர் சொல் ஒரு வெள்ளி பெறும், அவர் சொல் அவ்வளவு பெறாது" என்கிற எண்ணத்தையும் லயத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

அடுத்தது நேரம். பெண் அதிகாலை நான்கு மணிக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டினாள். பிரட்டுக்குப் போனாள். நிரை முடித்துப் பால் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர், விறகு, சமையல், துணி துவைத்தல் என்று இரண்டாவது வேலை தொடங்கியது. ஆணுக்கோ பால் நிறுத்த பின் மாலைப் பொழுது கையில் இருந்தது. அந்தப் பொழுதில்தான் சங்கம், பந்து விளையாட்டு, பஜனை, நாடக ஒத்திகை, கள்ளுக்கடை எல்லாம் நடந்தன. பொதுவாழ்வு என்று நாம் சொல்வது மாலை ஐந்து மணிக்கு மேல் நடந்த காரியம் என்றால், அந்த நேரத்தில் பெண் அடுப்படியில் இருந்தாள் என்பதை மறக்கலாகாது.

படிப்பும் இதில் சேர்ந்துகொண்டது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பையன்கள் போனார்கள். பெண்பிள்ளைகளில் பலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆண் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழை லயத்துத் திண்ணையில் உரக்க வாசித்தான். நாளடைவில் அவனே செயலாளர் ஆனான். காது கொடுத்துக் கேட்ட பெண் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். குறிப்பேடு எழுதத் தெரிந்தவர் கைக்கே குறிப்பேடு போயிற்று. அதில் யார் பெயர் ஏறும் என்பதும் அப்போதே முடிவாயிற்று.

ஆனால் பெண்கள் ஊர்க் காரியத்தில் இல்லாமல் போய்விட்டார்களா? இல்லை.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நாம் அறிவோம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் கடுமையாயிற்று. மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். கடைசி இரண்டு கோரிக்கைகளும் பெண்களின் கண்ணீரிலிருந்து பிறந்தவை என்று நாம் துணிந்து சொல்லலாம்.

அடுத்து ஜப்பானியர் காலம் வந்தது. சயாம் மரண இரயில் பாதை வேலைக்கு ஆயிரக்கணக்கான ஆண்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனார்கள். மிகப் பலர் திரும்பவே இல்லை. எஞ்சிய பெண்கள் மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். தாயற்ற பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார்கள். குடும்பத் தலைமையை அவர்களே ஏற்றார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் திறந்த ஜான்சி ராணிப் படையிலும் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். பாரம் தூக்கவும், முடிவு செய்யவும், துப்பாக்கி பிடிக்கவும் பெண்ணால் முடியும் என்பதை அந்தக் கொடிய காலமே காட்டிற்று.

போர் முடிந்து அமைதி வந்ததும் நாற்காலிகள் மறுபடியும் பழைய இடத்துக்கே திரும்பின. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. பி.பி. நாராயணன் அதை நெடுங்காலம் வழிநடத்தினார். கூலி, விடுமுறை, வீட்டு வசதி என்று அது பெற்றுத் தந்தவை பல. சந்தா கட்டியவர்களில் பெண்கள் ஏராளம். ஆனால் தோட்டக் கிளைகளில் தலைவராக அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தபோது, மாதம் பத்து வெள்ளி தவணையில் நூறு வெள்ளிப் பங்கு வாங்கியவர்களில் பால் வெட்டிய பெண்களும் இருந்தார்கள். 1979இல் அவர் மறைந்த பின், துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் அச்சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மேலே ஒரு பெண்மணி தலைமை ஏற்க முடிந்தது. கீழே தோட்டத்து மண்டபத்தில் அந்த மாற்றம் எளிதில் வரவில்லை.

இத்தனைக்கும் இடையே பெண்கள் தமக்கென்று ஓர் உலகை அமைத்துக்கொண்டார்கள். அதன் நடுவிடம் ஆயாக் கொட்டகை. தாய்மார் பால் வெட்டப் போனபின் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டியவர்கள் வயது முதிர்ந்த பெண்கள். எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்தத் தாய்க்குப் பால் இல்லை, எந்த வீட்டில் நேற்றிரவு அடி விழுந்தது என்பதெல்லாம் ஆயாவுக்கே முதலில் தெரியும். ஆயா சொன்னால் மருமகளும் கேட்பாள், சில வேளை மகனும் கேட்பான். இதைத் தவிர, பிரசவத்துக்குத் துணை, மஞ்சள் நீராட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, கல்யாணத்துக்கு மாவு இடித்தல், கூட்டுப் பணம் போடுதல் என்று அவர்கள் கை படாத காரியம் இல்லை. கூட்டுப் பணம் நடத்துவதை 1971ஆம் ஆண்டில் சட்டம் தடைசெய்தது. ஏமாந்தவர்களும் இருந்ததால் அந்தத் தடை வந்தது. ஆனாலும் வங்கி வாசலை மிதிக்காத பெண்கள் ஒருவரையொருவர் நம்பிச் சேமிக்கப் பழகியது அந்த வழியில்தான்.

இப்பொழுது நம் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. பிற்பாடு, 1960களுக்குப் பின், பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது எங்கும் பரவிற்று. குலை வெட்டுவது ஆண் வேலை என்றும், உதிரிப் பழம் பொறுக்குவதும் மருந்து அடிப்பதும் பெண் வேலை என்றும் புதிய பிரிவினை ஏற்பட்டது. பின்னர் ஒப்பந்த ஆட்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புக்காகக் கைமாறின. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, கிழக்கே ரவாங், சிரண்டா, பத்தாங் காலி என்று எங்கும் தோட்டத்து மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த செய்தி நாடறிந்தது.

இந்தப் பெயர்வில் ஆண் முதியவரும் பெண் முதியவரும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை. ஆணின் பொதுவாழ்வு பதவியோடும் இடத்தோடும் பிணைந்திருந்தது. தோட்டம் இருந்தவரை அவர் 'தலைவர்', 'கங்காணி ஐயா', 'வாத்தியக்காரர்'. சங்கக் கிளையும் திடலும் இல்லாமற் போனபோது அந்தப் பெயர்களும் போயின. அடுக்குமாடி வீட்டில் அவர் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருக்கும் ஒரு தாத்தா. இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்தாலும் யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியாமல் நிற்கிறார். சிலர் குடியில் ஆறுதல் தேடுகிறார்கள்.

பெண்ணின் பொதுவாழ்வோ வேலையோடும் உறவோடும் பிணைந்திருந்தது. ஆயாக் கொட்டகை போனாலும் குழந்தைகள் போகவில்லை. எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணியோடும் கீழ்வீட்டுச் சீனத்தியோடும் கருவேப்பிலைக் கொத்தும் பண்டிகைப் பலகாரமும் கொடுத்து வாங்கி ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார். அவருடைய ஊர் அவரோடு கூடவே வந்துவிட்டது.

அப்படியானால் பெண்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நமக்கென்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு. நம் நாட்டில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஐந்து ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். மணமாகும்போது ஆணே வயதில் மூத்தவர். ஆகவே முதுமையில் கைம்பெண்கள் மிகுதி. வாழ்நாளெல்லாம் கல்யாண வீடுகளில் முன்நின்றவரைக் கணவர் போனபின் மணவறைப் பக்கம் வராதே என்று ஒதுக்குகிறோம். பந்திக்கு வேண்டிய குழம்பை அவர் வைக்கலாம். ஆரத்தித் தட்டை அவர் தொடக்கூடாதாம்! தவிர, உதவுவது அவர் கடமை என்றாகிவிட்டதால் ஓய்வு என்பது அவருக்கு எழுதப்படவே இல்லை. எழுபது வயதிலும் பேரப்பிள்ளை, சமையல், நோயுற்ற கணவர் என்று ஓடுகிறார். முடிவெடுக்கும் கூட்டத்தில் இடமில்லை. முடிவானதைச் செய்யும் இடத்தில் விடுப்பும் இல்லை.

இவ்வாறு ஒருவருக்குப் பதவி இருந்து வேலை இல்லாமற் போயிற்று. மற்றவருக்கு வேலை இருந்து பதவி வராமற் போயிற்று. இருவருக்கும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, நம் கோயில் கூட்டங்களின் நேரத்தை மாற்றுவோம். பாட்டிமார் சமைக்கும் வேளையில் கூட்டம் வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று சொல்வது முறையன்று. கூழ் காய்ச்சும் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் அவர் பெயரோடு எழுதுவோம். அன்றைக்குத் தேநீரை இளைஞர்கள் ஆற்றட்டும்.

இரண்டாவது, தாத்தாமாருக்குப் பதவி தேடாமல் வேலை கொடுப்போம். பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது, பள்ளித் தோட்டத்தில் கன்று நடக் கற்றுக்கொடுப்பது, உறுமி தப்பு வாசிப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது, நோயாளி நண்பரை வாரம் ஒருமுறை பார்த்து வருவது ஆகிய இவையெல்லாம் ஆண் செய்யத் தகாதவை அல்ல.

மூன்றாவது, சமூகநல இலாகாவின் ஆதரவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென நடவடிக்கை மையங்கள் நாட்டில் பல இடங்களில் இயங்குகின்றன. அங்கே மலாய், சீன, இந்திய முதியவர்கள் ஒன்றாகக் கூடலாம். நம்மவர் போகத் தயங்குவது மொழிக் கூச்சத்தாலும் போக்குவரத்தாலும்தான். வாரத்தில் ஒரு நாள் மகனோ மகளோ கொண்டுபோய் விட்டு, அந்த நேரத்தில் பேரப்பிள்ளையைத் தாமே பார்த்துக்கொண்டால் பாட்டியும் போய்வர முடியும்.

நான்காவது காரியம் பள்ளி மாணவர்களுக்கு. பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஓர் ஏட்டோடு போய் அமருங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எத்தனை வயதில் பிரட்டுக்குப் போனார், யார் யாரை வளர்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். தாத்தாவிடமும் கேளுங்கள். கோலசிலாங்கூரின் மெலாவத்தி மலைக் கோட்டையைப் பற்றிப் பாடநூலில் இருக்கிறது. ஆயாக் கொட்டகையைப் பற்றி நீங்கள் எழுதினால்தான் இருக்கும்.

மூத்தோர் சொல் அமிர்தம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். மூத்தோர் என்றதும் நாற்காலியில் அமர்ந்தவரை மட்டுமே இதுவரை பார்த்து வந்தோம். இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அடுப்படிப் பக்கமும் திரும்பி, "அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்போம். அவர் முதலில் சிரித்து, "நான் என்னப்பா சொல்றது?" என்பார். சற்றுப் பொறுத்திருங்கள். சொல்லத் தொடங்குவார்.